பூக்கட்டிப் பார்த்த சாப்ட்வேர்

பகவதிப்பெருமாள் அழிக்கும் விசையை அழுத்தினார். திரையில் நின்ற நாலு அழியவில்லை. அதற்குப் பதிலாக, தலையில் கூரை கவிழ்த்த ஓர் ஆங்கில எழுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. மறுபடி அழுத்தினார். இன்னொன்று வந்தது. கோபத்தில் படபடவென்று குத்தினார். அந்த எழுத்து மனைவி மக்கள், மாமன் மச்சான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டது.

"சாமி, இது அழியமாட்டேங்குது," என்றார் பெருமாள்.

அக்கவுண்டன்ட் வெங்கடேஸ்வரன் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "அழியலேன்னா விட்டுடும் ஓய். மதுரைக்காரனுக்குப் புரியாமலா போயிடும்."

புரியாமல்தான் போயிற்று. பெருமாள் ஒரு மூட்டை என்பதற்கு நாலு என்று தவறாக அடித்திருந்தார். அதை அழித்துவிட்டு ஒன்று போட்டதாக அவர் நினைப்பு. நடுவே வந்து உட்கார்ந்த எழுத்துக் குடும்பத்தை மதுரைக் கம்ப்யூட்டர் மரியாதையாக ஒதுக்கிவிட்டு, நாலையும் ஒன்றையும் சேர்த்து நாற்பத்தொரு மூட்டை என்று வாசித்துக்கொண்டது. மறுநாள் காலை, சைக்கிள் எதிரே வந்தாலே ஒருவர் கடைக்குள் ஏறி நிற்கவேண்டிய அந்த ஆரியசாலைச் சந்துக்குள் ஒரு காலி லாரி நுழைந்தது. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஐம்பது வருடச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு வந்து பார்சல் ஆபீஸ் வாசலில் நின்றது.

"நாப்பத்தோரு மூட்டை எங்க?" என்றார் டிரைவர்.

பெருமாள் மூலையில் இருந்த ஒரேயொரு பாக்கு மூட்டையைக் காட்டினார்.

"மீதி நாப்பது?"

"அது அழியாமப் போச்சு."

மதுரையிலிருந்து விடிய விடிய மழையில் ஓட்டிவந்த மனிதர் அவர். பெருமாளின் முன்னோர்களை ஏழு தலைமுறை வரை தனித்தனியாக விசாரித்துவிட்டு, அந்த ஒற்றை மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார். அவ்வளவு பெரிய லாரிக்குள் அந்த மூட்டை, கல்யாண மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஆளைப்போல இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், ஜூலை மாதம். திருவனந்தபுரத்தில் மழை நின்று யாரும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அதுவரை ஆபீஸில் இருந்த பச்சைத் திரைப் பெட்டிகள் இடி விழுந்து ஒவ்வொன்றாக உயிரை விட, தலைமை அலுவலகம் மதுரையிலிருந்து ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை அனுப்பியது. புக்கிங் முழுக்க மதுரைக் கம்ப்யூட்டரில்தான் ஏறவேண்டும். விண்டோஸிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் போக டெர்மினல் புரோகிராம் என்று ஒன்று வேண்டும். அது வாசல் மாதிரி. வாசலில் பல தினுசு உண்டு. எந்த வாசல் என்பதுதான் பிரச்சினை. விண்டோஸோடு இனாமாக வந்த வாசலைத்தான் பெருமாள் முதலில் திறந்தார். அதில்தான் நாலு அழியவில்லை.

லாரி திரும்பிப் போன அன்றே மதுரையிலிருந்து ஜி.எம். கூப்பிட்டார்.

"என்னய்யா பெருமாள், காலி லாரிக்குக் காத்து ஏத்தி அனுப்புறீங்களா?"

"சார், அந்த புரோகிராம் சரியில்ல."

"வேற பாருங்க. கம்ப்யூட்டர் குடுத்தாச்சு, டெலிபோன் குடுத்தாச்சு. எந்த புரோகிராம் வழியா வர்றீங்கங்கிறது உங்க பாடு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள ஒழுங்கா வந்து சேருங்க. வராத பிராஞ்சை என்ன பண்றதுன்னு அப்புறம் உக்காந்து யோசிப்போம்."

போனை வைத்துவிட்டு, ஜி.எம். சொன்னதைப் பெருமாள் அப்படியே ஒப்பித்தார். உட்கார்ந்து யோசிப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். போன வருடம் பாலக்காட்டைப் பற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். எழுந்தபோது பாலக்காடு பிராஞ்ச் இல்லை.

"வீரபாண்டி இப்ப எங்க இருக்காரு?" என்று பெருமாள் மெதுவாகக் கேட்டார். வீரபாண்டி பாலக்காட்டு புக்கிங் கிளார்க்.

"குடை ரிப்பேர் பண்ணுதாருன்னு கேள்வி," என்றான் செல்வின். லோடிங் இன்சார்ஜும் அவன்தான், யூனியன் செயலாளரும் அவன்தான். முதலாளியிடம் கேட்கவேண்டியதை முதல் பதவியில் கேட்டு, இரண்டாம் பதவியில் மிரட்டுவான்.

"மழைக்காலத்துல அது மோசமில்லையே."

"அவரு கோடையில தொடங்கினாரு அண்ணா."

பெருமாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. குடை ரிப்பேர் அவருக்கு விதிக்கப்படவில்லை. அதைவிடக் கொடியது காத்திருந்தது. அவர் மனைவி வடிவாம்பாளின் தம்பி சொரிமுத்து கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் பையன்களுக்காக ஒரு மெஸ் நடத்திவந்தான். பிராஞ்ச் மூடப்போகிறது என்ற வதந்தி காதில் விழுந்த நாள் முதல், "அத்தானுக்கு கல்லா போட்டு வச்சிருக்கேன், எப்ப வேணும்னாலும் வரலாம்" என்று இனிக்க இனிக்கச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருடமாகப் பெருமாள் அவனை "ஏலே" என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறார். இனி அவனை "முதலாளி" என்று கூப்பிட்டு, பாக்கி தரச் சில்லறை இல்லாதபோது பையன்களுக்கு மிட்டாய் எடுத்துக் கொடுக்கவேண்டும். வடிவாம்பாள் ஏற்கெனவே அவருடைய வெள்ளைச் சட்டைகளை மஞ்சள் கறை தெரியாத நிறத்துக்கு மாற்ற யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் நல்ல மனசோடதான கூப்பிடுதான்," என்றாள் அன்று காலையில் இட்லி வைத்துக்கொண்டே.

"நல்ல மனசோட கூப்பிடுதான், அதுதான் தாங்கல," என்றார் பெருமாள். நாலாவது இட்லி இறங்கவில்லை.

ஆகவே வாசலைத் தேர்ந்தெடுக்க ஆபீஸில் கூட்டம் போட்டார்கள்.

வெங்கடேஸ்வரன் கரமனை அக்ரஹாரத்திலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யைக் கொண்டுவந்தார். "இது பெரிய கம்பெனியோட சரக்கு ஓய். அமெரிக்காவுல பாங்க்காராள்லாம் இதைத்தான் வெச்சிண்டிருக்கா. பரீட்சார்த்தமா சும்மா குடுத்திருக்கான். எத்தனை கலர் தெரியுமோ?"

செல்வின் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்தான். அவன் மனைவி அனுஷா கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் ரிசப்ஷனில் இருந்தாள். "அங்க எஞ்சினியர்மாரு முழுக்க இதுதான் உபயோகிக்குதாங்க. இத்துனூண்டு. இன்ஸ்டால்கூட வேண்டாம். வச்சு அமுக்கினாப் போதும்."

"இத்துனூண்டு புரோகிராம் மதுரை வரைக்கும் எப்படி ஓய் எட்டும்? ஆரல்வாய்மொழி தாண்டாது," என்றார் வெங்கடேஸ்வரன்.

"உங்க சி.டி.யில தூசிதான் பெரிசு சாமி."

"யூனியன் பிளாப்பியை ஆபீஸ் மெஷின்ல போடப்படாது."

"அக்ரஹாரம் சி.டி. போடலாம், அல்லே?"

வாக்குவாதம் சாயங்காலம் வரை போனது. இடையில் இரண்டு பேரும் மூன்று முறை ராஜினாமா செய்தார்கள், மூன்று முறையும் டீ வந்ததால் திரும்பப் பெற்றார்கள். பெருமாளுக்கு இரண்டு புரோகிராமும் ஒன்றுதான். இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. முடிவு மட்டும் அவர் தலையில். கடைசியில் அவர் நாஞ்சில் நாட்டு ஆள் எதைச் செய்வாரோ அதைச் செய்தார்.

"பூக்கட்டிப் பாத்திருவோம்," என்றார்.

பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை, தோப்பை விற்கலாமா வேண்டாமா, ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா, எதற்கும் அவர் வீட்டில் பூக்கட்டித்தான் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஆளை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வந்த பூவுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஆடி மாசம்," என்று வெங்கடேஸ்வரன் இழுத்தார். "புதுசா ஒண்ணும் தொடங்கப்படாது."

"வேலை போறது பழைய விஷயம்தானே சாமி. அதுக்கு ஆடி ஆவணி உண்டா?" என்றார் பெருமாள்.

வெங்கடேஸ்வரன் குடையை எடுத்துக்கொண்டார். சந்து முனை அம்மன் கோயிலில் மழை ஒழுகும் மண்டபத்தில் எல்லோரும் நின்றார்கள். சி.டி.க்கு வெள்ளை அரளி, பிளாப்பிக்குச் சிவப்பு அரளி. இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, பூசாரி அம்மன் காலடியில் போட்டார். எடுப்பதற்கு, ஆபீஸ் கூட்டுகிற உலகம்மையை அழைத்துவந்திருந்தார்கள்.

"என்னை எதுக்கு சாரே?"

"கள்ளங்கபடம் இல்லாத ஆளு எடுக்கணுமாக்கும்," என்றார் பெருமாள்.

"எனக்கு உண்டு சாரே. போன ஆழ்ச்ச திங்கக்கிழமை நீங்க தேடின பேனாவை நான்தான் எடுத்தேன்."

"அதெல்லாம் சாரமில்ல. எடு."

உலகம்மை கண்ணை மூடி எடுத்தாள். நாரை அவிழ்த்தார்கள். வெள்ளை.

வெங்கடேஸ்வரன் அம்மனை விழுந்து கும்பிட்டார். செல்வின் அம்மனை முறைத்துப் பார்த்தான். அவன் கிறிஸ்தவன் என்பதால் அதற்கு அவனுக்கு உரிமை இருந்தது.

சி.டி. உள்ளே போனது. உறுமியது. திரையில் ஒரு பெட்டி வந்து, இந்தப் பரீட்சார்த்தப் பதிப்பின் ஆயுள் இரண்டாயிரமாவது வருடமே முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தது.

"செத்துப்போனவனைத்தான் அம்மன் எடுத்துக் குடுத்திருக்கா," என்றான் செல்வின்.

வெங்கடேஸ்வரன் அசரவில்லை. "இதுக்கென்ன, கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னாடி தள்ளும். இது தொண்ணூத்தொம்போதாம் வருஷம்னு அது நெனைச்சுக்கட்டும். நமக்கென்ன நஷ்டம்?"

தள்ளினார்கள். புரோகிராம் கண்ணைத் திறந்தது. என்ன நிறங்கள். மதுரை, மயில் தோகை விரித்ததுபோல் திரையில் வந்து நின்றது. நாலை அடித்து அழித்தால் அழிந்தது. ஒன்று ஒன்றாகவே இருந்தது. பெருமாள் நான்கு நாள் ஆனந்தமாகப் புக்கிங் போட்டார். ஒவ்வொரு புக்கிங்கிலும் தேதி போடவேண்டும். தேதிக்கு அவர் ஒருநாளும் காலண்டரைப் பார்த்ததில்லை. பச்சைத் திரைக் காலத்திலிருந்தே, திரை மூலையில் கம்ப்யூட்டர் எந்தத் தேதி காட்டுகிறதோ அதையே பார்த்து அடிப்பார். மூலை தொண்ணூற்றொன்பது என்றது. அவர் கையும் தொண்ணூற்றொன்பது என்றது. அவர் கண் மட்டும் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஆனந்தத்தில் வித்துரா பிராஞ்சுக்குப் போன் போட்டார். பொன்முடி போகும் வழியில், சந்தைக்குப் பக்கத்தில், ஒற்றை அறையும் ஒற்றை ஆளும் கொண்ட பிராஞ்ச் அது. அந்த ஒற்றை ஆள் வன்னியராஜ்.

"என்ன வன்னியராஜ், மதுரை கிடைச்சா?"

"எங்க அண்ணாச்சி. இங்க மழையில லைனே சரியில்ல. பேச்சு போகுது, கம்ப்யூட்டர் போகமாட்டேங்குது."

"எங்கிட்ட ஒரு புரோகிராம் இருக்கு. நான் வேணும்னா வந்து போட்டுத் தரட்டா?"

"ஐயோ, வந்திராதீங்க. ரோட்டுலயே அட்டை கெடக்கு. காலு வழியா ஏறி கழுத்து வழியா இறங்குது."

"முப்பத்தொண்ணாந்தேதி நெருங்குது வேய். பாலக்காட்டை நெனைச்சுக்கோ."

"நெனைச்சுதான் படுத்துக் கெடக்கேன் அண்ணாச்சி," என்றார் வன்னியராஜ். பின்னணியில் கடலை உடைக்கும் சத்தம் கேட்டது.

பெருமாளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "பாவம், அவன் பிழைக்கமாட்டான்," என்று வடிவாம்பாளிடம் சொல்லி வருத்தப்பட்டார். அன்று இட்லி ஆறு இறங்கியது.

ஐந்தாம் நாள் செல்வின் அலறிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் வெங்கடேஸ்வரன் மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அண்ணா, என் மாமனாரு எங்க?"

"அவரு போன வருஷமே தவறிட்டாரே."

"அவரோட கல்லைக் கேக்குதேன்."

அனுஷாவின் அப்பாவுக்கு முதலாண்டு நினைவு வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடியில் அடக்கம் செய்திருந்தார்கள். செல்வின் இங்கேயே நல்ல வெள்ளைக்கல் பார்த்து, பெயரும் சிலுவையும் செதுக்கி, சொந்த ஆபீஸ் என்ற நம்பிக்கையில் பெருமாளிடமே புக்கிங் போட்டிருந்தான். தூத்துக்குடி போகிற சரக்கெல்லாம் மதுரைக் கிடங்கில் இறங்கித்தான் ஏறவேண்டும். கல் மதுரை வரை போயிற்று. அப்புறம் காணோம்.

பெருமாள் மதுரைக் கிடங்கைக் கூப்பிட்டார். கிடங்குக்காரர் மகிழ்ச்சியாக இருந்தார்.

"அந்தக் கல்லா? அது ஏலம் போயிருச்சே சார்."

"ஏலமா?"

"தொண்ணூத்தொம்பதுல புக் பண்ணின சரக்கு. நாலு வருஷமா யாரும் எடுக்கல. ஒரு வருஷம் தாண்டினா ஏலத்துல விடுன்னு மெஷினே சீட்டு அடிச்சுக் குடுத்துரும். திருவனந்தபுரம் சரக்கு மொத்தமும் அப்படித்தான் வந்திருக்கு. அதுல மூணு கூடை கருவாடு வேற. நாலு வருஷக் கருவாடு எப்படி இவ்வளவு புதுசா இருக்குன்னு நாங்களே ஆச்சரியப்பட்டோம்."

"அந்தக் கல்லை யார் எடுத்தது?"

"செல்லூர்ல ஒரு லாண்டரிக்காரர். துணி துவைக்க அம்சமா இருக்குன்னார். எழுத்து இருக்கிற பக்கம் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு, அழுக்கு நல்லாப் போகும்னார்."

பெருமாள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். ஆனால் கிடங்குக்காரரின் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். செல்வின் வேட்டியை மடித்துக் கட்டினான். வெளியே போனான். கால் மணி நேரத்தில் வாசலில் சிவப்புக் கொடி நட்டு, சுமை தூக்குகிற அத்தனை பேரும் மழையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் எத்தனையோ காரணத்துக்கு வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. மாமனார் கல்லுக்காக நடந்தது அது ஒன்றுதான்.

பெருமாள் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் குந்தினார்.

"செல்வின், என்ன வேணும் சொல்லு."

"கல்லு வேணும். அப்புறம் அந்த சி.டி.யை என் கண்ணு முன்னால உடைக்கணும். அப்புறம் என் பிளாப்பியைப் போடணும்."

"பூக்கட்டிப் பாத்தாச்சேப்பா. அம்மன் வாக்கு."

"அம்மன் என் மாமனாரு மேல துணி துவைக்கச் சொல்லியிருக்க மாட்டா அண்ணா."

பெருமாள் யோசித்தார். அம்மனும் ஒரு குடும்பஸ்திதான். மன்னிப்பாள் என்று பட்டது. சி.டி. சம்பிரதாயமாக உடைக்கப்பட்டது. வெங்கடேஸ்வரன் அதைப் பார்க்க மனமில்லாமல் உள்ளே போய் விபூதி பூசிக்கொண்டார். மதுரைக்குப் பத்து தடவை போன் போட்டு, கெஞ்சி, லாண்டரிக்காரரிடம் வேறொரு கல்லைக் கொடுத்து, மாமனாரை மீட்டு தூத்துக்குடிக்கு ஏற்றினார்கள். கல் போகும்போது இருந்ததைவிட வெளுப்பாகப் போய்ச் சேர்ந்தது. அனுஷாவுக்கு ரொம்பத் திருப்தி.

கடிகாரத்தைச் சரியான வருடத்துக்குத் திருப்பிவிட்டுப் பிளாப்பியைப் போட்டார்கள். முப்பதாம் தேதி ஆகிவிட்டது. செல்வின் சொன்னதுபோலவே ஒன்றும் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கவில்லை. அமுக்கியதும் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மதுரை முகவரியைப் போட்டார் பெருமாள். உடனே ஓர் எச்சரிக்கை எழுந்தது. இந்த இயந்திரத்தை இதற்குமுன் பார்த்ததில்லை, இது யாரென்று உறுதி சொல்ல முடியாது, இதை நம்புகிறீர்களா என்று அது கேட்டது. கீழே ஆம், இல்லை.

பெருமாள் இல்லையை அழுத்தினார். தொடர்பு அறுந்தது.

"எதுக்கு அண்ணா இல்லன்னு அமுக்கினீங்க?"

"முன்னபின்ன பாக்காத மெஷினுக்கு நான் எப்படி உறுதி சொல்லுவேன்? எங்க வீட்டுல யாரும் யாருக்கும் ஜாமீன் நிக்கது இல்ல."

"மதுரை மெஷின்தானே?"

"மதுரை மெஷின்னு அது சொல்லுது. நாளைக்கு வேற எவனாவது இருந்தா? கல்லு போன மாதிரி லாரியே போயிரும். எவன் தலையில விழும்?"

அன்று முழுக்க அது கேட்க, அவர் இல்லை என்று சொல்ல, தொடர்பு அறுந்துகொண்டே இருந்தது. வெங்கடேஸ்வரன் "சத்தியம் பண்ணச் சொல்லல்லையே ஓய், ஆம்னுதானே கேக்கறது" என்றார். செல்வின் தலையில் அடித்துக்கொண்டான். அறுந்த ஒவ்வொரு முறையும் பெருமாளின் கண்ணில் கழக்கூட்டத்துக் கல்லாவும் மிட்டாய்ப் பாட்டிலும் வந்து போயின. ஆனாலும் விரல் ஆமுக்கு நகர மறுத்தது. முப்பத்தொன்றாம் தேதி மதியம், வேறு வழியில்லாமல், அவர் ஜி.எம்.முக்கே போன் செய்தார்.

"சார், நம்ம மதுரை மெஷினை நம்பலாமா?"

ஜி.எம். டீயை ஒரு வாய் உறிஞ்சுவது கேட்டது.

"யாரு கேக்குறது?"

"கம்ப்யூட்டர் கேக்குது சார். உறுதி சொல்லச் சொல்லுது."

"முப்பது வருஷமா நேர்மையாத் தொழில் பண்ற கம்பெனிய்யா. உன் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு திமிரா?"

"நான் அப்படி நெனைக்கல சார். அது புதுசு, அதுக்கு நம்மளத் தெரியாது."

"நம்பாதன்னு நான் சொன்னா என்ன செய்வ?"

"இல்லன்னு அமுக்கிருவேன் சார்."

"நம்புய்யா. என் பொறுப்பு."

"நீங்க சொன்னதாப் போட்டுக்கலாமா சார்?"

மறுமுனையில் ஏதோ உடைந்தது. கண்ணாடித் தம்ளராக இருக்கலாம். பெருமாள் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டு, இஷ்ட தெய்வங்களை எல்லாம் நினைத்து, "ஆம்" என்பதை அழுத்தினார்.

கறுப்புத் திரையில் மதுரை வந்தது. நிறம் கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆனால் அடித்தது அடித்தபடி நின்றது, அழித்தது அழிந்தது, தேதி அந்தந்த நாளுக்கு விழுந்தது. தேங்கிக்கிடந்த புக்கிங் முழுவதையும் ஏற்றி முடித்தார். "பெறப்பட்டது" என்று மதுரை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. பெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உலகம்மை கேட்காமலே டீ கொண்டுவந்தாள். வெங்கடேஸ்வரன் ஏத்தங்காய் உப்பேரி என்கிற நேந்திரம் வறுவலை வரவழைத்தார். செல்வினும் அவரும் ஒரே பொட்டலத்தில் கைவிட்டுத் தின்றார்கள். தேசங்களுக்கு இடையே போர் முடிந்தால்கூட இவ்வளவு சமாதானம் வராது.

இந்தச் சந்தோஷத்தில் பெருமாளுக்கு வன்னியராஜ் ஞாபகம் வந்தது. துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்தார்.

"இன்னைக்கு முப்பத்தொண்ணு வன்னியராஜ்."

"ஆமா அண்ணாச்சி."

"எங்களுக்குக் கிடைச்சிட்டு."

"சந்தோஷம் அண்ணாச்சி. நல்லா இருங்க."

அந்த "நல்லா இருங்க" கடைசியாக விடைபெறுவதுபோல் பெருமாளுக்குப் பட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் மச்சினன் சொரிமுத்து மெஸ்ல ஒரு கல்லா இருக்கு. எனக்குன்னு வச்சிருந்தான். இனி எனக்கு வேண்டாம். உனக்குச் சொல்லி வைக்கட்டா?" என்றார்.

"உங்க மனசு யாருக்கு வரும்," என்றார் வன்னியராஜ்.

மறுநாள் காலை பெருமாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பதரைக்கு மதுரையிலிருந்து ஜி.எம். குரல் தேனாக வந்தது. பாராட்டு என்பது கேட்கும்போதே தெரிந்துவிட்டதால், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பெருமாள் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"பெருமாள், பிரமாதம்யா. காலையில இருந்து உங்க பிராஞ்சை இங்க உக்காந்தே ஓட்டிப் பாத்தோம். வெண்ணெய் மாதிரி ஓடுது. இனி உங்க கணக்கு, புக்கிங், பட்டுவாடா எல்லாம் இங்கயே பாத்துக்குறோம். அங்க ஷட்டரைத் தூக்கி சரக்கு வாங்கி வைக்க ஒரு ஏஜென்ட் போதும். நீங்க, வெங்கடேஸ்வரன், அந்த யூனியன் ஆளு, மூணு பேரும் பதினஞ்சாந்தேதியோட ரிலீவ் ஆயிக்கலாம். நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்க, மறக்கமாட்டோம்."

எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. வெங்கடேஸ்வரனின் கை உப்பேரிப் பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"சார்," என்றார் பெருமாள். "அப்போ கனெக்‌ஷன் கிடைக்காத பிராஞ்ச் எல்லாம்?"

"அதை என்ன பண்ண முடியும்? யோசிச்சோம். கம்ப்யூட்டர் வராத இடத்துல ஆளு இருந்தாத்தான் கணக்கு வரும். அதெல்லாம் அப்படியே இருக்கட்டும்னு விட்டாச்சு. வித்துராவுக்கு இன்னொரு ஆளும் சேத்துப் போடப்போறோம். அந்த வன்னியராஜ் ஒத்தையாக் கஷ்டப்படுறாரு, பாவம்."

போன் வைக்கப்பட்டது. வெளியே மழை. செல்வின் பிளாப்பியை வெளியே எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கொடி நட்டு ஏஜென்ட் முன்னால் உட்காரலாமா என்று அவனுக்கே தெரியவில்லை. வெங்கடேஸ்வரன் உப்பேரிப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். உலகம்மை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏஜென்டுக்குக் கூட்டுகிற ஆள் வேண்டுமா என்று கேட்டாள்.

பெருமாள் வித்துராவைக் கூப்பிட்டார். இந்த முறை துக்கம் விசாரிக்க அல்ல, துக்கம் சொல்ல.

"வன்னியராஜ், கிடைச்ச பிராஞ்சை எல்லாம் மூடுதானுவோ. கிடைக்காத பிராஞ்சைத்தான் விட்டு வச்சிருக்கானுவோ. கடைசி வரைக்கும் உனக்கு மதுரை கிடைக்காமப் போனது உன் குலதெய்வம் செஞ்ச காரியமாக்கும்."

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு வன்னியராஜின் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"கிடைக்காம என்ன அண்ணாச்சி, மொத நாளே கிடைச்சிட்டு, இங்க தட்டினா மதுரையில விழுது, அப்போ மதுரையில தட்டினா இங்க விழுமேன்னு தோணிச்சு, அன்னைக்கே கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிப் பரண்ல போட்டுட்டேன்."